நீலமாகாத பச்சை

போன மாதம் வெள்ளரிப்பிஞ்சு நிறத்தில் அனுப்பிவைத்த ட்ரேக்கள் முதலாளி ராஜசேகரின் மேசைக்கு நீலமாகத் திரும்பி வந்திருந்தன. ஒன்றல்ல, நாற்பது. மேலே கிடந்ததை அவர் இரண்டு விரலால் தூக்கி, ஊசிப்போன பண்டத்தைக் காட்டுவதுபோல சுமலதாவுக்குக் காட்டினார்.

"இது ரெண்டாவது தடவம்மா. மூணாவது தடவ ட்ரேய திருப்பி அனுப்ப மாட்டாங்க, நம்மளையே அனுப்பிடுவாங்க."

ஓசூர் சிப்காட்டில் இரண்டு லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒடுங்கி நின்ற அந்தக் கம்பெனி, பெயிண்டும் பூச்சும் செய்து பிழைப்பது. அதன் ஆய்வகம் என்பது பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதற்கு ராணியும் சுமலதாதான், மந்திரியும் சுமலதாதான், சனிக்கிழமையானால் துடைப்பம் எடுப்பவளும் அவள்தான். கிருஷ்ணகிரிக் கல்லூரியில் வேதியியல் முடித்துவிட்டு, ஏழு வருடமாகப் பேரிகையிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறாள். மேசைமேல் கிடந்த பூச்சு அவளுடையது. வாங்கி விற்றதல்ல, பக்கத்துக் கம்பெனியைப் பார்த்துக் காப்பியடித்ததுமல்ல.

ஜூஜுவாடியில் மின்சுற்றுப் பலகைகள் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்று அந்த ட்ரேக்களை வாங்கியது. பலகைகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு ட்ரேயில் வைத்துத்தான் நகர்த்துவார்கள். வெறும் பிளாஸ்டிக் என்றால் உரசி உரசி நிலைமின்சாரம் சேர்ந்துவிடும். பனிக்காலத்தில் தலை வாரினால் சீப்பு படபடவென்று பொரியுமே, அதே சங்கதிதான். சீப்புக்கு ஒன்றும் ஆகாது, பலகையில் இருக்கும் சில்லு செத்துப்போகும். கரி கலந்த கறுப்பு ட்ரே வாங்கினால் தொல்லை தீர்ந்தது. ஆனால் அந்தத் தொழிற்சாலையின் கேமரா ட்ரேக்கு அடியிலிருந்து பலகையைப் பார்த்துச் சோதிக்கிற கேமரா. கறுப்புக்குள் அது எதைப் பார்க்கும்? ட்ரே கண்ணாடி மாதிரித் தெரியவும் வேண்டும், சேரும் மின்சாரத்தைத் தரைக்கு வழியவிடவும் வேண்டும். மெல்லிய பச்சைப் படலமாக நின்ற சுமலதாவின் பூச்சு இரண்டையும் செய்தது, நீலமாகாத வரைக்கும்.

அந்தப் பூச்சின் உயிர் பாலிஅனிலின் என்ற சங்கிலி. வளையம் வளையமாகக் கோத்த நீண்ட மூலக்கூறு. ஒற்றைப் பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு என்று மாறி மாறி வருவதால் அதன் முதுகெலும்பில் மின்சாரம் ஓட வழி உண்டு. ஆனால் சும்மா ஓடாது. அமிலம் கூட இருந்தால்தான் ஓடும், அப்போது நிறம் பச்சை. காரம் வந்து அந்த அமிலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனால் சங்கிலி நீலமாகி முடங்கிவிடும். இதை அவள் ராஜசேகருக்கு ஏழு வருடத்தில் எழுபது தடவையாவது சொல்லியிருப்பாள்.

"எங்கியோ காரம் படுது சார். நான் போய் பாத்துட்டு வரன்."

"பாரு. ஆனா ஒண்ணு சொல்லிடறன். அடுத்த ட்ரையல்ல பெயிலாச்சின்னா இந்த லேப் மூடிக்கும். நீ இன்ஸ்பெக்‌ஷன்ல போய் அடுத்தவன் போட்ட பெயிண்ட்டுக்கு தடிமன் பாத்துக்கினு இருக்க வேண்டியதுதான்."

அவர் கெட்ட மனிதரில்லை. சொன்னதைச் செய்கிறவர், அதுதான் பயம்.

ஜூஜுவாடித் தொழிற்சாலையின் பின்புறம், தகரக் கூரைக்குக் கீழே ட்ரே கழுவுமிடம். பெரிய தொட்டிகள் மூன்று, தொட்டிக்கு இரண்டு பெண்களாக ஆறு பேர். தலையில் நீலத் தொப்பி, வாயில் முகமூடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். முதல் தொட்டியிலிருந்து ஒருத்தி நிமிர்ந்தாள்.

"வாங்க மேடம்," என்றாள் நாராயணம்மா.

அவள் சுமலதாவின் அம்மா. காலையில் அதே சுமலதாவிடம், "ஏன்டி, டப்பாவ மறந்துட்டு போற, கண்ணு எங்க வெச்சிருக்கற?" என்று கத்தியவளும் அவள்தான். பேரிகையில் தக்காளித் தோட்டத்திலும் ரோஜாத் தோட்டத்திலும் இருபது வருடம் கூலிக்குப் போய்விட்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் ஒப்பந்தக்காரர் வழியாக இங்கே வந்தவள். சரக்கு தருகிற கம்பெனியில் சொந்தக்காரர் இருந்தால் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னதை அவள் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். அதிலிருந்து தொழிற்சாலைக்குள் மகள் மேடம்தான். சுமலதாவுக்கு இது சிரிப்பாகவும் இருக்கும், வருத்தமாகவும் இருக்கும்.

சுவரில் ஒட்டியிருந்த செய்முறைத் தாள் நன்றாகத்தான் இருந்தது. தூய நீர், காரமில்லாத சோப்புத் திரவம், மென்மையான பஞ்சு. ஆனால் தொட்டிக்கு மேலே வந்த குழாய் தூய நீர் இயந்திரத்திலிருந்து வரவில்லை, வெளியே போர் மோட்டாரிலிருந்து வந்தது. தொட்டியின் காலுக்கு மறைவில் மூடி போட்ட ஆரஞ்சு டப்பா ஒன்றும் இருந்தது. சுமலதா குனிந்து திறந்தாள். வெள்ளைத் தூள். விரலில் தொட்டுப் பார்க்கவே வேண்டாம், வீட்டில் துணி ஊறவைக்கும் அதே சலவை சோடா.

நாராயணம்மாவின் கண்கள் முகமூடிக்கு மேலே பெரிதாயின. சுமலதா டப்பாவை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அன்று சாயங்காலம் பேரிகையில் பஸ் இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள். "எத்தன நாளா போடறீங்க?"

"நாங்க வந்ததுல இருந்து. அந்த தண்ணி உப்பு தண்ணிடி. சோடா போடலன்னா நுரையே வராது. ட்ரேயில கைரேகை அப்பிடியே நிக்கும், சூப்பர்வைசர் கத்துவான். ஒரு கைப்பிடி போட்டா பளபளன்னு ஆயிடும். ஏன், அதுல என்னா தப்பு?"

"ஒண்ணியும் இல்லம்மா."

"அந்த பச்ச போவறது அதனாலயா?"

சுமலதா பையைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள். அதுவே பதிலாகிவிட்டது. நாராயணம்மா பாதையோரத்திலேயே நின்றுவிட்டாள். "ஐயோ, ஆறு பேர் பொழப்புடி."

அதுதான் சங்கடம். ஒரே பக்கத்தில் அறிக்கை எழுதினால் போதும்: கழுவும் முறையில் தவறு, பூச்சில் குறையில்லை. எழுதியதில் பொய்யும் இருக்காது. ராஜசேகர் அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுவார், ஆய்வகம் பிழைக்கும். மறுநாள் ஒப்பந்தக்காரர் ஆறு பெண்களையும் வாசலோடு அனுப்பிவிட்டு வேறு ஆறு பேரைக் கொண்டுவருவார். அவர்களும் அந்தத் தண்ணீரில் கைவைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் வாரத்தில் சோடா டப்பா வாங்குவார்கள்.

யோசிக்க யோசிக்க சுமலதாவுக்குக் கோபம் வந்தது, அம்மா மேலல்ல. இந்த ஊரில் விற்கிற பூச்சு இந்த ஊர்த் தண்ணீரைத் தாங்கவில்லை என்றால் அது என்ன பூச்சு? செய்தவளுக்கு அல்லவா வெட்கம்?

காலையில் ராஜசேகரிடம் போய் நின்றாள். "நம்ம பூச்சுதான் சார் தாங்கல. மூணு மாசம் டைம் குடுங்க, மாத்தித் தரன்."

சோடாவைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "உன் வாயாலயே ஒத்துக்கினு வர," என்று மட்டும் சொன்னார். பழி முழுக்க அவள் தலையில் இறங்கியது. இறங்கட்டும் என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பழைய பூச்சில் அமிலம் சங்கிலியோடு சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது. சோடா கூப்பிட்டால் எழுந்து போய்விடும். போகவே முடியாதபடி அதைச் சங்கிலியிலேயே பிணைத்துவிட்டால்? வளையத்தின் உடம்பிலேயே சல்ஃபோனிக் அமிலத்தை ஒரு கையாக முளைக்கவைத்தால், எந்தச் சோடா வந்து பிடுங்கும்? இந்த வித்தை உலகத்துக்குப் புதிதல்ல, புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் ஜூஜுவாடித் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு மூலப்பொருள்களை வெவ்வேறு விகிதத்தில் கலந்து, பனிக்கட்டித் தொட்டியில் பாட்டிலை உட்காரவைத்து, சொட்டுச் சொட்டாக வினைப்பொருளை விட்டாள். நான்கு வளையத்துக்கு ஒன்றில் அமிலக் கை வைத்த முதல் பாட்டில் சோடாவில் ஐந்தே நிமிடத்தில் நீலமானது. இரண்டில் வைத்தாள், கொஞ்சம் தாமதமாக நீலமானது. மூன்றில் வைத்தாள், பச்சை பிடிவாதமாக நின்றது. துள்ளிக் குதித்துவிட்டு அலசும் தண்ணீரில் ட்ரேயை முக்கினாள். பூச்சு மொத்தமும் கரைந்து, தண்ணீர்தான் பச்சையானது. அமிலக் கை கூடக்கூட சங்கிலிக்குத் தண்ணீர்மேல் ஆசை வந்துவிடுகிறது. நீலமாகாதது நிற்கவில்லை, நிற்பது நீலமாகாமல் இருக்கவில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோணிக்கொள்ளும் இந்த வேலையில் பாட்டில்கள் ஐந்து, எட்டு, பதினொன்று என்று அலமாரியில் ஏறின. ராஜசேகர் வாசலில் நின்று எட்டிப்பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போவார். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும்.

பதினாலாவது பாட்டிலில்தான் மிச்சமிருக்கும் நான்காவது வளையத்தைப் பற்றி நினைத்தாள். மூன்று வளையம் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளட்டும், நான்காவது வளையம் ட்ரேயைப் பிடித்துக்கொள்ளட்டுமே! அதற்கு வேறொரு கை வைத்தாள், நுனியில் கொக்கி போல. அடுப்பில் சூடாக்கும்போது அந்தக் கொக்கிகள் பூச்சிலிருக்கும் இணைப்பானோடு மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்டால் தண்ணீர் கூப்பிட்டாலும் போகமுடியாது. கொக்கி கொஞ்சம் கூடிப்போனால் மின்சாரம் தடுமாறியது, குறைந்தால் ஓரம் உரிந்தது. ஆளுக்கு அளவெடுத்துச் சட்டை தைப்பதுபோல் கூட்டியும் குறைத்தும் பார்த்து, பத்தொன்பதாவது பாட்டிலில் எல்லாம் ஒன்றுகூடி வந்தது. அன்றைக்கு மத்தியானம் டப்பாச் சோற்றை அவள் அந்த ட்ரேயைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டாள். அத்தனை அழகு.

சோதனைக்கு அவள் தினமும் ஜூஜுவாடித் தொட்டி கொள்ளும் அளவுத் தண்ணீரில் ஒரு கைப்பிடி சோடாதான் போட்டாள். அம்மா சொன்ன அளவு. தன் கையால் அள்ளி, முறைப்படி தராசில் வைத்து, நோட்டில் குறித்தும் வைத்தாள்: இருபத்திரண்டு கிராம்.

ட்ரையல் நாள் வந்தது. தொழிற்சாலையின் தரப்பிரிவுப் பொறியாளர் ஜெகதீஷ் கையில் மீட்டரோடு ஜூஜுவாடிக் கழுவுமிடத்தில் வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஓசூருக்கு வந்து நாலு வருடமாகியும் பேச்சு ஊரிலேயே இருந்தது. ராஜசேகர் புதுச் சட்டை போட்டிருந்தார். முப்பது தடவை கழுவ வேண்டும், பத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டும், மின்தடை நூறு கோடி ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதுதான் கணக்கு. கழுவாத ட்ரே முப்பது லட்சம் காட்டியது.

"ஆரம்பிங்கம்மா," என்றார் ஜெகதீஷ்.

நாராயணம்மா சோப்புத் திரவத்தை ஊற்றிக் கலக்கினாள். தண்ணீர் மங்கலாக, செத்ததுபோல் கிடந்தது. ஒரு நுரை இல்லை. ட்ரேயை முக்கி, குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் பஞ்சால் மெதுவாகத் தடவினாள். ஆரஞ்சு டப்பா இருந்த இடத்தில் டப்பா இல்லை.

சுமலதாவுக்குச் சட்டென்று புரிந்தது. அம்மா தனக்காக ஏமாற்றுகிறாள். மகளின் பூச்சு ஜெயிக்கட்டும் என்று டப்பாவை எங்கோ ஒளித்துவிட்டு, உயிரே போனாலும் சோடா போடுவதில்லை என்று நிற்கிறாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், முப்பது தடவையும் கண்ணை மூடிக்கொண்டு தேறிவிடும். ஆய்வகம் நிற்கும், யாருக்கும் ஒன்றும் தெரியாது.

மூன்று மாதம் எதற்காக உழைத்தாள்? சோடா போடாத தண்ணீரில் நிற்பதற்கா? அதைப் பழைய பூச்சே செய்திருக்குமே. இப்படி ஜெயித்துவிட்டுப் போனால், நாளைக்கு எந்தக் கோளாறு வந்தாலும் ஒளித்துவைத்த டப்பாவைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள். அதற்குமேல் இன்னொன்றும் இருந்தது. பத்தொன்பதாவது பாட்டிலை இப்படி ஜெயிக்கவைப்பது அந்தப் பாட்டிலுக்கே அவமானமாகப் பட்டது.

"தெனமும் போடறத போடுங்க," என்றாள் உரக்க.

நாராயணம்மா தலையை நிமிர்த்தவில்லை. "போட்டுட்டன் மேடம். சோப்பு போட்டுட்டன்."

"சோப்பு இல்ல. சோடா."

கழுவுமிடமே நின்றுபோனது. மற்ற ஐந்து பெண்களின் கைகளும் தண்ணீருக்குள்ளேயே இருந்தன. ஜெகதீஷ் திரும்பி, சுவரிலிருந்த செய்முறைத் தாளைக் காட்டினார்.

"என்னத்தப் போடச் சொல்லுதிய? சோடாவா? அது ஸ்பெக்லயே கிடையாதே."

"ஸ்பெக்ல தூய தண்ணின்னு போட்டிருக்குது சார். இங்க வர்றது போர் தண்ணி. ஸ்பெக் எழுதுனவரு இந்தத் தண்ணியில ஒரு நாளும் கைய வெச்சிருக்க மாட்டாரு. இவங்க ஆறு பேரும் மூணு வருசமா வெச்சிருக்கறாங்க. சோடா போட்டாத்தான் ட்ரே சுத்தமாவுது, அது இவங்க தப்பு இல்ல. அதத் தாங்கற மாதிரிதான் நான் பூச்சு செஞ்சிருக்கறன். போட்டுப் பாருங்க."

ராஜசேகரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. மூன்று மாதத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய அறிக்கை அவருக்கு அந்த நிமிடத்தில்தான் வந்து சேர்ந்தது.

ஜெகதீஷ் குழாயடியில் கைநீட்டி இரண்டு விரலைத் தேய்த்துப் பார்த்தார். "போடுங்க," என்றார்.

நாராயணம்மா தயங்கித் தயங்கி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துவந்தாள். மகளை ஒருமுறை பார்த்தாள். பிறகு கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளினாள்.

அந்தப் பிடியைப் பார்த்ததும்தான் சுமலதாவுக்குத் தன் கணக்கு பிசகியது தெரிந்தது. இருபது வருடம் மண்வெட்டி பிடித்த கை அது. விரல்கள் விரிந்து, உள்ளங்கை அகன்று, அவளுடையதைப்போல ஒன்றரைக் கையாவது இருக்கும். தராசை வைத்துப் பிழைக்கிறவள், அம்மாவின் கைப்பிடியைத் தன் கைப்பிடியால் அளந்துவிட்டு மூன்று மாதம் நிம்மதியாக இருந்திருக்கிறாள்! எந்த முட்டாளும் செய்யாத தப்பு. தொட்டியில் சோடா விழுந்தது, நுரை குபுகுபுவென்று விளிம்புக்கு ஏறியது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை.

பத்தாவது தடவை முடிந்ததும் ட்ரேயை உலர்த்தி மீட்டரை வைத்தார்கள். நாற்பத்தைந்து லட்சம். பச்சைதான். இருபதாவது தடவை, எழுபது லட்சம். சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் நகரவில்லை. நாராயணம்மா இப்போது மெதுவாகத் தடவவில்லை. தினமும் தேய்ப்பதுபோல் அழுத்தி, ஓரமெல்லாம் நகத்தால் சுரண்டித் தேய்த்தாள். நம்பிவிட்டாள் போலிருக்கிறது. சுமலதாதான் நம்பமுடியாமல், கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள்.

முப்பது. ஜெகதீஷ் ட்ரேயை வெயில் பக்கம் தூக்கிப் பிடித்தார். வெள்ளரிப்பிஞ்சு நிறம், போனபோது இருந்த அதே நிறம். மீட்டரை வைத்தார், எண் கொஞ்சம் அலைந்து நின்றது.

"தொண்ணூறு லட்சம்," என்றார். "நூறு கோடி வரைக்கும் விட்டிருக்கோம், நீங்க ஒரு கோடியக்கூடத் தொடலயே!"

சுமலதாவுக்குக் கண்ணில் நீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. பெருமையாக இருந்தது. ஒளிவு மறைவில்லாத பெருமை.

ஜெகதீஷ் அதோடு விடவில்லை. பக்கத்து அறையிலிருந்து தராசைக் கொண்டுவரச் சொன்னார். "யம்மா, இன்னொரு பிடி அள்ளி இதுல வைங்க." தராசு நாற்பத்தொரு கிராம் காட்டியது. செய்முறைத் தாளைச் சுவரிலிருந்து கழற்றி, சோப்புக்குக் கீழே பேனாவால் எழுதினார்: சலவை சோடா, தொட்டிக்கு நாற்பது கிராம். "நாளைக்கு இத டைப் பண்ணி ஒட்டிடுவோம். இனிம ஒளிச்சி வைக்க வேண்டியதில்ல." ஆறு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு ட்ரையல் படிவத்தை எடுத்துக் கடைசிக் கட்டத்துக்கு வந்தார். "பூச்சு தயாரிச்சது யாருன்னு போடணும்."

ராஜசேகர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். "எங்க ஆர் அண்ட் டி டீம்னு போட்டுக்கங்க சார்."

"டீமும் இல்ல, ஒண்ணியும் இல்லீங்க!"

முதல் தொட்டியிலிருந்து வந்தது குரல். நாராயணம்மா முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தாள். மூன்று வருடமாக அந்தக் கூரைக்குக் கீழே யாரும் பார்க்காத முகம்.

"எம் பொண்ணு ஒருத்தி செஞ்சது. இதோ நிக்கறாளே, இவதான். நான் பெத்தவ. சொந்தக்காரி இருந்தா வேலையில வெக்க மாட்டீங்கன்னா எடுத்துக்கங்க, பரவால்ல. ஆனா பேர மாத்தி எழுதாதீங்க."

ஜெகதீஷ் இவளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படி ஒரு சட்டமே கிடையாதேம்மா. யார் சொன்னா உங்களுக்கு?"

ராஜசேகர் நாராயணம்மாவின் பக்கம் திரும்பினார். பிறகு, "அவங்க சொல்றது சரிதான் சார். இந்தப் பொண்ணு ஒருத்திதான்," என்றார். குரலில் கசப்பில்லை.

ஜெகதீஷ் பேனாவைத் திறந்தார். நாராயணம்மா பூட்ஸ் சளக்சளக்கென்று ஒலிக்க அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தமிழ்ல எழுதுங்க சார். நான் படிச்சிப் பாக்கணும்."

அவர் எழுதினார். அவள் இரண்டு கைகளையும் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, படிவத்தை வாங்கி, உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள்.

"சரியாத்தான் இருக்குது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, முகமூடியை ஏற்றிக்கொண்டு தொட்டிக்குப் போனாள். "ஏன்டி சுமா, அங்கியே நின்னா எப்பிடி? அந்த அடுக்கு ட்ரேய இப்பிடித் தள்ளு."